லைன் வீட்டுக்குத் திரும்புகிறவர்

சிறையிலிருந்து வெளிவருகிறவர் ஊர் மாறிப் பிழைத்துக்கொள்ளட்டும் என்பது சமவெளியில் சுலபமாகச் சொல்லப்படும் யோசனை. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் அது எடுபடாது. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வேலையும் வீடும் அதனால் ஒரே முடிச்சில் விழுந்தன. அடிதடிக் கேஸில் மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவருக்கு இனி வேலைக்குப் பேர் இல்லை என்று சொல்லிவிட்டால், பல வேளைகளில் நிர்வாகம் தந்த லைன் வீடும் கைவிட்டுப் போகிறது. மனைவி, பிள்ளைகள், வயதான தாய் என எல்லோரும் சட்டி பானையோடு வெளியே வருகிறார்கள். இவர்களுக்கு எந்த நீதிபதியும் தண்டனை விதிக்கவில்லை.

நம் தண்டனைச் சட்டத்துக்கும் இந்த மலைக்கும் பழைய உறவு உண்டு. 1834-ல் மெக்காலே ஊட்டிக்கு வந்து, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்துச் சில மாதம் தங்கினார். பின்னர் மெக்காலே தலைமையில் உருவான வரைவே 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டமானது. எந்தக் குற்றத்துக்கு எத்தனை ஆண்டு என்று நுணுக்கமாக அளந்த சட்டம் அது. அந்த ஆண்டுகளைக் கழித்தபின் கணக்கு எப்போது தீரும் என்று மட்டும் அது சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் சொல்லவில்லை. முன்பு தண்டனை பெற்றவருக்குச் சில குற்றங்களில் கூடுதல் தண்டனை என்ற பிரிவு இரண்டிலும் இருக்கிறது.

பெயரைப் பதிந்து வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பட்டு அறிந்தது. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குற்றமும் செய்யாதவர், பிறந்த சாதிக்காகக் கைரேகை வைக்க வேண்டியிருந்தது; வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3-ல் சுடப்பட்டார்கள். 1947-ல் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அடுத்த ஆண்டே வழக்கமாகக் குற்றம் புரிவோருக்கான சட்டம் வந்து சேர்ந்தது. காவல் நிலையங்களில் சரித்திரப் பதிவேடு இன்றும் இருக்கிறது.

பழைய குற்றத்தை மறந்துவிட வேண்டும் என்பதற்கு எதிராக ஒரு கேள்வி உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. கொழுந்து பறிக்கப் போகும் தாய் பிள்ளையை எஸ்டேட் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். அங்கே வேலை பார்ப்பவரின் கடந்த காலத்தை அறிய அவளுக்கு உரிமை இல்லையா? பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. அதைக் காவல், விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம். அமெரிக்காவைப் போல ஊரறியத் திறந்துவிடச் சொல்கிறவர்களின் அச்சம் பொய்யல்ல. ஆனால் பத்து வீடு உள்ள ஒரு லைனில் குற்றவாளியின் பெயர் வெளியானால், பாதிக்கப்பட்ட குழந்தை யார் என்பதும் அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இத்தகைய குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர் குழந்தைக்குத் தெரிந்தவரே. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற போக்சோ சட்டத்தின் காப்பு அங்கே வெறும் காகிதமாகிவிடும். அந்தப் பதிவேடு அழியாமல் இருக்கட்டும், பூட்டியே இருக்கட்டும். காப்பக வேலைக்கு ஆள் எடுக்கும்போது காவல்துறை அதைப் பார்த்துப் பதில் சொன்னால் போதும், தாயின் உரிமை காக்கப்படும்.

மற்ற குற்றங்களுக்கு இந்தக் கடுமை தேவையில்லை. மறக்கும் வழி நம் சட்டத்துக்கே தெரியும். 2015-ன் சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப் போல் விசாரிக்கப்பட்ட பதினாறு வயது கடந்தவர்களைத் தவிர மற்றச் சிறாரின் தண்டனைப் பதிவை உரிய காலம் கழித்து அழிக்கச் சொல்கிறது. பதினேழு வயதில் கிடைக்கும் இந்தக் கருணை பத்தொன்பது வயதில் அடியோடு இல்லாமல் போவதற்கு அறம் சார்ந்த காரணம் எதுவும் தென்படவில்லை. பிரிட்டன் 1974-லேயே இதற்குச் சட்டம் இயற்றியது: குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தவரின் பழைய தண்டனை பெரும்பாலான வேலைகளுக்குக் கணக்கில் வராது, குழந்தைகளோடு பழகும் வேலைகளுக்கு விலக்கு உண்டு. நமக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். பள்ளி வேன் ஓட்ட வருகிறவரிடம் பழைய தண்டனையைக் கேட்பது நியாயம். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்ட வருகிறவரிடம் பத்து வருடத்துக்கு முந்தைய சாராயக் கேஸை எதற்குக் கேட்க வேண்டும்?