அழாத பிள்ளைக்கும் பால்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. கேட்பவருக்கே கிடைக்கும் என்னும் உலகியல்பை அது உரைக்கிறது. கேட்கவே தெரியாதவருக்கும் நாம் கடன்பட்டவர்களா? பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

சில குழந்தைகளுக்குத் தொடையெலும்பின் தலை இடுப்பெலும்பின் குழியில் சரியாகப் பொருந்துவதில்லை. வலியில்லாததால் குழந்தை அழுவதில்லை. அது நடக்கத் தொடங்கிக் கால் சாயும்போதுதான் பல வீடுகளில் குறை தெரிகிறது. முதல் மாதங்களிலேயே கண்டால், கால்களை விரித்து வைக்கும் பட்டை பெரும்பாலும் போதும்; பிந்தினால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். முதற்சோதனைக்கு வேண்டியவை பயின்ற இரு கைகளே. இத்தாலிய மருத்துவர் ஒர்த்தொலானி 1937-இலும், ஆங்கில மருத்துவர் பார்லோ 1962-இலும் அம்முறைகளை விவரித்தனர்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. தளர்ந்த மூட்டுகளுள் பெரும்பாலானவை இரண்டு மாதங்களுக்குள் தாமே உறுதிப்படுகின்றன என்று பார்லோவே கண்டார். அவ்வாறாயின் எல்லாரையும் சோதித்துத் தாய்மாரைக் கலங்க வைப்பானேன்? மேலும், இக்குறை பெண் குழந்தைகளிடமே மிகுதி. 'குறையுள்ள பெண்' என்ற பேச்சு திருமணம்வரை துரத்தும் நம் ஊர்களில் இவ்வச்சம் சிறிதன்று.

ஆயினும் தேடிப் பார்ப்பது வேறு, முத்திரை குத்துவது வேறு. எந்த மூட்டு தானே சரியாகும் என்பதை முதல் நாளில் அறிய இயலாது. மீண்டும் பார்த்தே அறிய வேண்டும். ஆகவே, ஒருமுறை தொட்டுப் பார்த்ததோடு கடமை முடிவதில்லை. மறுசோதனைக்கு வழி செய்யாத சோதனை அச்சத்தை மட்டுமே தந்து செல்லும். தேவையின்றிக் கட்டும் பட்டையோ தீங்கும் செய்யலாம்.

2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டம், கண்டறிய வேண்டிய பிறவிக் குறைகளுள் இதனையும் சேர்த்துள்ளது. நன்று. ஆனால் பனவடலிசத்திரத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ பிள்ளையுடன் பேருந்தேறும் ஏழைத் தாய், அன்றைய கூலியை இழக்கிறாள். அவ்விழப்பையும் எண்ணிப் பார்ப்பதே முழுமையான நீதி. பயணச் செலவுக்குக் கைகொடுப்பதும், மூத்த பிள்ளையை அன்று பார்த்துக்கொள்வதும், கண்ட குறையை ஊரெங்கும் பேசாதிருப்பதும் அண்டை வீட்டாராகிய நம் பங்கு.

பிறவியிலேயே கால் ஊனமுற்றவராய்க் கோவில் வாயிலில் நாள்தோறும் வைக்கப்பட்ட ஒருவரைத் திருத்தூதர் பணிகள் நூல் காட்டுகிறது. அவருக்கு வயது நாற்பதுக்கும் மேல். அவர் காலத்தார்க்குப் பிச்சையிடுவதன்றி வேறு வழி தெரியவில்லை. நமக்கோ, சில குழந்தைகளுக்கேனும் தொட்டிலருகிலேயே உதவும் வழி தெரிந்துள்ளது. தெரிந்த பின்னும் அழுகைக்காகக் காத்திருந்தால், பின்னாளில் நாம் காட்டும் இரக்கத்தை அறமென்று சொல்ல இயலுமா?