தறிக்குழியும் நோக்குநரின் எல்லையும்

பாலராமவர்மர் ஆட்சியில் (1798–1810) தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்த சாலியர்கள் குடியமர்த்தப்பட்ட நெசவூர் பாலராமபுரம். இவ்வூர்க் கைத்தறித் துணி, 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றுள்ளது. பருத்தி நூல், குழித்தறி, தெருவில் பாவை விரித்துக் கஞ்சி பூசும் முறை ஆகியவற்றை வெளியிலிருந்து நோக்குவோர் பதிவுசெய்ய இயலும். ஆனால், கஞ்சி எப்பதத்தில் நூலைப் பற்றும், எந்த ஈரத்தில் பாவைச் சுருட்டவேண்டும் என்பனவற்றை நெய்பவரின் விரல் அறியும். அவரும் அதனைச் சொல்லில் முழுமையாகத் தர இயலாது. மைக்கேல் போலன்யி ஆராய்ந்த, சொல்லில் அடங்கா அறிவு இத்தகையது.

மூடிய அமைப்புகள் இருவகையின. மறைப்பால் மூடியதனை வினாக்கள் திறக்கக்கூடும். பயிற்சியால் மட்டுமே கைவருவதனை வினாக்கள் திறப்பதில்லை. தறியில் அமர்ந்து பல்லாண்டு பழகியவர்க்கே அது திறக்கும். அந்நிலையில் அவர் நோக்குநர் அல்லர், நெசவாளர்.

எனவே, பதிவு நெசவைக் காத்துவிட்டது என்னும் முடிவு பொருந்தாது. ஆவணம் துணியின் பெயரைக் காக்கும். நெய்யும் கை ஓய்ந்தால் அதனை மீட்டுத் தராது. தான் காணாததை இல்லை எனக் கொள்ளாமையும், ஆவணத்தோடு கடமை முடிந்ததெனக் கருதாமையும் நோக்குநர்க்குரிய அறங்களாகும்.