பிழைப்பு கைவிட்ட படகுகள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மிஸ்டிக் என்று ஓர் ஆற்றங்கரை ஊர். அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் 1841இல் கட்டிய சார்லஸ் டபிள்யூ. மோர்கன் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். ஆண்டில் ஒரு சனி ஞாயிறு மட்டும் வேறு மாதிரி ஆட்கள் வந்து சேர்வார்கள். காரின் கூரையில் ஒரு தோணியைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அல்லது பாய்மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்த சிறு படகை இழுவண்டியில் இழுத்து வருவார்கள். 12 அடி, 15 அடி நீளம் இருக்கும். 20 அடியைத் தாண்டினால் அங்கே அது பெரிய படகு. பலவும் உடையவரே வீட்டுக் கொட்டகையில் கட்டியவை. ஆற்றில் இறக்கிக் கட்டியதும் எல்லோரும் செய்கிற முதல் காரியம், அடுத்தவர் படகைச் சுற்றி வந்து பலகை பலகையாகத் தடவிப் பார்ப்பது.

ஜான் கார்ட்னர் என்ற படகுத் தச்சர் 1970இல் தொடங்கிவைத்த கூட்டம் இது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அங்கே நிலைத்துவிட்ட ஒரு வழக்கம். யார் படகிலும் யாரும் ஏறிப் பார்க்கலாம். "கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டால் போதும், துடுப்பு கைக்கு வந்துவிடும். பல மாதம் ராத்திரியும் விடுமுறையுமாக இழைத்து இழைத்துக் கட்டியதை முன்பின் தெரியாதவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்பார் கட்டியவர். இது வெறும் தாராளம் அல்ல. தன் படகில் தானே உட்கார்ந்திருக்கும்வரை அது தண்ணீரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முன்முனையான அணியம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, பின்முனையான அமரம் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிறதா, பாய் காற்றை முழுதாக வாங்குகிறதா என்பதெல்லாம் இன்னொருவர் ஓட்டும்போது கரையிலிருந்துதான் தெரியும். தன் வேலையைத் தான் பார்க்க அதை ஒருமுறை இன்னொருவருக்குக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

இவர்களில் யாருக்கும் படகு தேவையில்லை. ஆற்றைக் கடக்கப் பாலம் இருக்கிறது. மீன் கடையில் கிடைக்கிறது. ஆனால் இவர்கள் கட்டுகிற படகின் வடிவங்கள் ஒரு காலத்தில் தேவை ஒன்றுக்காகவே பிறந்தவை. டோரி என்ற படகை எடுத்துக்கொள்ளலாம். தட்டையான அடி, வெளியே சாயும் பக்கங்கள். குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டால் கிண்ணங்களைப்போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிடலாம். மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே உள்ள கிராண்ட் பேங்க்ஸ் மீன்களத்துக்குப் போகும் ஸ்கூனர் என்ற பாய்க்கப்பல்கள் தளத்தில் இப்படி அடுக்கிக்கொண்டு போயின. களம் சேர்ந்ததும் டோரிகளை இறக்கி, ஒருவரோ இருவரோ ஏறி, தூண்டில் கயிற்றோடு பனிமூட்டத்துக்குள் போவார்கள். வெறும் டோரி தள்ளாடும். மீன் ஏற ஏறத்தான் நிலைப்படும். வெறுங்கையோடு திரும்புகிறவனுக்கு அது இடம் கொடுக்காது. ஆம்ஸ்பரி ஊரில் 1793இல் தொடங்கிய லோவெல் பட்டறை 1911ஆம் ஆண்டில் மட்டும் 2,029 படகுகள் செய்து அனுப்பியது. அவ்வளவு தேவை, அவ்வளவு சாவும்கூட.

ஹோவர்ட் பிளாக்பர்ன் கதையைச் சொல்லாமல் டோரியைப் பற்றிப் பேசக்கூடாது. 1883 ஜனவரியில் அவரும் டாம் வெல்ச் என்ற கூட்டாளியும் பனிப்புயலில் தாய்க்கப்பலைத் தவறவிட்டார்கள். பிளாக்பர்னின் கையுறைகள் கடலோடு போயின. விரல்கள் உறைந்துவிடும் என்று தெரிந்துபோனதும், உறைவதானால் துடுப்பைப் பிடித்த வளைவிலேயே உறையட்டும் என்று கைகளை வைத்துக்கொண்டார். வெல்ச் இறந்துவிட்டார். அந்த உடலோடு நாள்கணக்கில் துடுப்பு வலித்து நியூஃபவுண்ட்லாந்து கரை சேர்ந்தார் பிளாக்பர்ன். விரல்கள் எல்லாம் போய்விட்டன. பிறகு குளோஸ்டரில் மதுக்கடை வைத்துப் பிழைத்தார். 1899இல், அந்தக் கைகளோடு, ஒரு சிறு பாய்மரப் படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்து போனார். 1901இல் அதைவிடச் சிறிய, 25 அடிப் படகில் 39 நாளில் லிஸ்பன் சேர்ந்தார். கிரேட் ரிபப்ளிக் என்ற அந்தப் படகை குளோஸ்டரில் உள்ள கேப் ஆன் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

கடல் ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். பிழைப்பு ஏற்றிவிட்ட படகு அவருடைய விரல்களைக் கேட்டது. பிழைப்புக்கு வேறு வழி வந்த பிறகு அவராகத் தேர்ந்துகொண்ட படகில்தான் அவர் கடலுக்குத் தன் விருப்பத்தோடு போனார். வீரம் என்று இதை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது என் எண்ணம்.

இழுவலைக் கப்பல் வந்தது. டோரியில் ஆளை இறக்குகிற வேலை ஒழிந்தது. மீனவர்கள் அழவில்லை. அழுதிருந்தால் பொய்யழுகையாக இருந்திருக்கும். போதாததற்கு 1950களுக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் அச்சில் வார்த்து வார்த்து வந்தன. சிறு மரப்படகு கட்டுகிற தச்சருக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

அந்த நேரத்தில்தான் கார்ட்னர் வருகிறார். 1905இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். மார்பிள்ஹெட்டில் படகுப் பட்டறைகளில் வேலை செய்தவர். 1950களிலிருந்து மீனவர் பத்திரிகை ஒன்றில் பழைய சிறு படகுகளின் அளவுகளையும் கட்டும் முறைகளையும் விடாமல் எழுதிவந்தார். 1969இல் மிஸ்டிக் அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். பழைய படகை வண்ணம் பூசிக் கயிறு கட்டி நிறுத்தினால் அது காப்பாற்றியதாகாது என்பது அவர் பிடிவாதம். அதன் அளவெடுத்து இன்னொன்று கட்டவேண்டும், தண்ணீரில் தள்ளவேண்டும், ஏறி வலித்துப் பார்க்கவேண்டும். அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இப்படிச் சொல்ல ஒரு துணிவு வேண்டும்தான்.

அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்பது படகு கட்டுகிற விதத்தைக் கொஞ்சம் கவனித்தால் புரியும். முதல் வேலை, தரையில் படகின் கோடுகளை முழு அளவில் வரைவது. அளவுப் பட்டியலில் ஓர் எண் தவறியிருந்தால் காகிதத்தில் தெரியாது. நீளமான மெல்லிய சட்டம் ஒன்றைத் தரையில் ஆணிகளுக்கிடையே வளைத்துப் பிடித்தால் அந்த இடத்தில் மேடு தட்டும். ஆணியைப் பிடுங்கிவிட்டால் சட்டம் தானாக ஒரு வளைவுக்கு வந்து நிற்கும். எண்ணைத் திருத்தி அந்த வளைவை ஏற்றுக்கொள்வார் தச்சர். பிறகு படகின் விலாச் சட்டங்களான வங்குகளை நீராவிப் பெட்டியில் வேகவைப்பது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. வெளியே எடுத்ததும் விறைப்பதற்குள் வளைத்து இறுக்கிவிட வேண்டும். இத்தனையும் புத்தகத்தில் எழுதலாம்; கார்ட்னரே எழுதியிருக்கிறார். ஆனால் மரம் வளைவதற்குப் போடும் முனகல் எது, உடைவதற்குப் போடும் முனகல் எது என்று எந்தப் புத்தகமும் காதுக்குச் சொல்லித்தராது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று "போதும், நிறுத்து" என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்ல வாய்ப்புக் கிடைப்பதற்காகத்தான் இந்தக் கூட்டங்கள்.

இதைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. மிஸ்டிக்குக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில்தான் நியூபோர்ட் இருக்கிறது. 1930 முதல் 1983 வரை அமெரிக்கா கோப்பைக்காகக் கோடீசுவரர்களின் படகுகள் போட்டியிட்ட ஊர். சிறு படகுக்காரர்களின் உலகம் அதுவல்ல, அவர்களுடைய மரம் பிளைவுட்டாகவும் இருக்கும். குளோஸ்டர்க்காரரான பில் போல்ஜர் வரைந்துகொடுக்க, மெய்ன் மாநிலத்துத் தச்சர் பேசன் கட்டிக் காட்ட, தரையில் கோடு வரையும் வேலைகூட இல்லாத பிளைவுட் படகுகள் 1970களின் கடைசியில் பரவின. அதற்கும் முன்னால் 1947இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் இரண்டே பிளைவுட் தாள்களில் பிள்ளைகளுக்காக ஒரு படகு வரைந்தார். 50 டாலருக்குள் முடியவேண்டும் என்பது நிபந்தனை. ஆப்டிமிஸ்ட் என்ற அந்தப் படகில்தான் இன்று சென்னைத் துறைமுகத்துக்குள்ளும் பிள்ளைகள் பாய் பிடிக்கப் பழகுகிறார்கள்.

ஆனாலும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. ஆசை காப்பாற்றும், பொறுக்கியெடுத்துத்தான் காப்பாற்றும். வார இறுதிக்காரர்கள் விரும்பிக் கட்டுவது கிராண்ட் பேங்க்ஸ் போன கனத்த டோரியை அல்ல. கடற்கரையிலிருந்து தள்ளிப் போவதற்கென்று உருவான, பக்கங்கள் உருண்ட, வலிக்க இலகுவான ஸ்வாம்ப்ஸ்காட் டோரியைத்தான். அதில் தவறில்லை. 1,000 கிலோ மீனை யார் இன்று ஏற்றப்போகிறார்கள்? ஆனால் பழசு இப்படித்தான் நம்மிடம் வந்து சேர்கிறது, வியர்வையைத் துடைத்துவிட்டு, அழகாக. பிளாக்பர்னின் விரல்கள் அதோடு சேர்ந்து வருவதில்லை. அவற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் படகை அனுபவிக்கிறவர்களின் வேலை.

குளோஸ்டருக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1938 ஆகஸ்டில் அந்தத் துறைக்குள் இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்று நுழைந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி. அதை வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். அவரும் இவர்களைப்போலச் சிறு படகில் ஆசை வைத்தவர்தான். 32 அடிப் படகில் உலகைச் சுற்றிவந்து பேர் வாங்கியவர். கப்பலை அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். நீராவிக் கப்பல்களின் காலத்தில் ஒரு பாய்க்கப்பலுக்கு ஆசைப்பட அந்த அமெரிக்கருக்கு வசதி இருந்தது. கட்டிய ஊருக்கு அது சரக்கேற்றும் தொழில்.

இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கரைக்கு வருவோம். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போய், திரும்பியதும் அவிழ்த்துக் காயப்போடுகிற கட்டுமரம், அலை உடைகிற கரைக்கென்றே அமைந்தது. ஏறிய தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிவிடும்; மூழ்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. பிரெஞ்சுக் கடற்படையின் பாரி என்பவர் 19ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைப் படகுகளை வரைந்து வெளியிட்டார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். தாளில் படம் இருக்கிறது. எந்தக் கட்டை எதனோடு சேரும் என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் கை தாளில் இல்லை. கரையில் இன்று நிற்பவை பெரும்பாலும் பைபர் படகுகள்; 2004 சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணம் அந்த மாற்றத்தை இன்னும் விரைவாக்கியது.

இதற்காக மீனவரைக் குறை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. விடியுமுன் போய், ஏலம் முடிவதற்குள் கரை திரும்பவேண்டியவரிடம் "பாரம்பரியத்தை விட்டுவிட்டீர்களே" என்று சொல்வது பட்டணத்து ஆணவம். அவர் இன்ஜினுக்கு மாறியது சரி. உயிருக்கும் வயிற்றுக்கும் எது நல்லதோ அதை எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. மரபைச் சுமக்கிற பொறுப்பை, அதனால் விரல் இழந்தவர்கள் தலையிலேயே மறுபடியும் ஏற்றுவது நியாயமில்லை. அந்தக் கடன் யாருக்கு அந்தப் படகு தேவையில்லையோ அவர்களுடையது. ஓய்வும் கொஞ்சம் காசும் கையில் உள்ளவர்களுடையது. மிஸ்டிக்கில் கூடுகிறவர்கள் இதைத் தத்துவமாக யோசித்துச் செய்திருக்கமாட்டார்கள், ஆனால் செய்தார்கள்.

பாக் விரிகுடாக் கரையில், தொண்டி வட்டாரத்து ஊர்களில், கோயில் விழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடக்கிறது. காற்றில் படகு சாயும்போது குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து எடை கொடுப்பார்கள். ஓட்டுகிறவர்கள் மீனவர்களே. விழா நாள் அவர்களுக்கும் ஓய்வு நாள். பிழைப்பின் பிடி தளர்ந்தால் அவர்களும் பாய் விரிக்கத்தான் போகிறார்கள். நாம்தான் கரையில் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கடலோர மாவட்டங்களில் பொறியியல் கல்லூரிகள் உண்டு, பாலிடெக்னிக்குகள் உண்டு. பட்டறையும் மாணவர்களும் சனி ஞாயிறும் உண்டு. கட்டுமரம் பிணைக்கத் தெரிந்த பெரியவர்களும் குப்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரை அழைத்து வந்து, அவர் சொல்லச் சொல்ல ஒன்றைக் கட்டுங்கள். வரவேற்பறையில் காட்சிக்கு வைக்காமல் அலையில் தள்ளுங்கள். அவருக்கு ஓர் ஆசிரியருக்குரிய சம்பளத்தைக் கொடுங்கள்; சால்வை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள்.