காரணிகன்

தத்துவத்தில் எம்.ஏ. படிக்க விரும்பும் ஒருவர், பெரும்பாலான மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைய, இன்று முதலில் ஒரு கணினியின் முன் உட்கார வேண்டும். 2025ஆம் ஆண்டுத் தேர்வில் 75 கேள்விகள், 90 நிமிடம். ஒரு கேள்விக்கு 72 வினாடி. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 கழிவு. வரலாறு, சமூகவியல், இலக்கியம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பொருத்துக, காலவரிசைப்படுத்துக, கூற்று சரி, காரணம் தவறு. நான்கு விடைகளும் திரையிலேயே இருக்கின்றன. அவற்றில் எது சரி என்பது, மாணவர் வந்து உட்காரும் முன்பே, கேள்வி எழுதப்பட்ட கணத்திலேயே முடிவாகிவிட்டது. வேறு யாரோ யோசித்து முடித்துவிட்டதை அவர் அடையாளம் காட்டினால் போதும்.

இதைக் கேலி செய்வது சுலபம். நம் வட்டத்தில் இந்தக் கேலிக்கு எப்போதும் ஆமோதிப்பு கிடைக்கும். சிந்தனையை யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று நானும் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் 2022இல் இந்தப் பொது நுழைவுத் தேர்வு வந்தபோது, வெளியே ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, மனதின் ஒரு மூலையில் ஏற்பட்டது நிம்மதி. இனி நான் யாருடைய விடைத்தாளையும் திருத்த வேண்டியதில்லை என்ற நிம்மதி. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் யந்திரத்தைத் திட்டுவது யோக்கியமான காரியமாக எனக்குப் படவில்லை.

2003இல் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. நுழைவுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தினேன். அப்போது கட்டுரைதான் எழுத வேண்டும். பெயர் இராது, எண் மட்டும். கோடை வெயில், மின்விசிறிக்குக் கீழே பறக்காமலிருக்கக் கல் வைத்த கட்டுகள், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தாள்கள். ஒரு கேள்வி: 'வாக்குறுதியை மீறுவது எப்போதாவது நியாயமாகுமா?' 25 மதிப்பெண். பெரும்பாலானவர்கள் கான்ட்டை ஒரு பக்கமும் மில்லை மறுபக்கமும் நிறுத்தி, நடுவில் தாங்கள் நின்றுகொண்டார்கள். அப்படி எழுதத்தான் நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

ஒரு தாளில் கான்ட்டும் இல்லை, மில்லும் இல்லை. ஆங்கிலம் தடுமாறியது. வாக்கியங்கள் வேறொரு மொழியில் பிறந்து இதற்குள் கஷ்டப்பட்டு வந்திருந்தன. பக்கத்து வீட்டுக்காரரின் கடனுக்குத் தன் தகப்பனார் ஜாமீன் கையெழுத்துப் போட்டார் என்று எழுதியிருந்தது. கடன் வாங்கியவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். தகப்பனார் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினார்; நிலம் போயிற்று; வீட்டில் மூன்று பிள்ளைகளில் ஒருவர்தான் படிப்பைத் தொடர முடிந்தது. ஊரில் அவருக்கு இன்றும் நல்ல பெயர். ஆனால் அவர் கொடுத்த வார்த்தையைச் செலுத்தியவர்கள் நாங்கள், எங்களை யார் கேட்டார்கள் என்று அந்தத் தாள் முடிந்திருந்தது.

நான் 8 போட்டேன். ஓரத்தில் எழுதினேன்: 'அனுபவக் கதை, வாதம் இல்லை.'

அந்தத் தாளை எழுதியவரை நான் வெகுகாலம் 'அவன்' என்றே நினைத்து வந்தேன். மூன்று பிள்ளைகளில் படித்தது ஆண்பிள்ளையாகத்தான் இருக்கும் என்று என் மனம் தானாகத் தீர்மானித்திருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் இருந்தவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருந்தும் எவ்வளவு தெரிந்தவனாக நடந்துகொண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகள் கழித்து வகுப்புக்காகக் கான்ட்டைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஒழுக்கத்தின் அடிப்படை பற்றி 1785இல் அவர் எழுதிய நூலில், திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே தருவதாகச் சொல்லிக் கடன் வாங்குபவன் வருகிறான். பிரசித்தமான உதாரணம். அதில் கடன் வாங்குபவன் உண்டு, கொடுப்பவன் உண்டு, பொதுவிதியாக்கினால் வாக்குறுதி என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும் என்ற தர்க்கம் உண்டு. ஜாமீன் போட்டவன் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. ஒருவன் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும்போது அந்தக் கயிறு யார் யாரைச் சேர்த்துக் கட்டுகிறது என்ற கேள்வியை அந்தத் தாள் கேட்டிருந்தது. நான் பாடம் நடத்தப் புரட்டிய புத்தகங்கள் எதிலும் அந்தக் கோணத்தில் அதைப் பார்த்ததில்லை. வாதம் இருந்தது. வாதம் எந்த உடையில் வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேனோ அந்த உடையில் வரவில்லை.

ஆகவே யந்திரத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களின் வாதத்தை என்னால் அலட்சியம் செய்ய முடியாது. அதற்கு நானே சாட்சி. யந்திரத்துக்குக் கையெழுத்து தெரியாது, உச்சரிப்பு தெரியாது, முகச்சுளிப்பு இல்லை. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் சேர்க்கையை ஆராய அப்துல் நஃபே தலைமையில் ஒரு குழு அமைந்தது. எழுத்துத் தேர்வில் ஒருவர் பெறும் மதிப்பெண்ணுக்கும் நேர்காணலில் பெறுவதற்கும் இடையிலான வித்தியாசம் சமூகப் பிரிவுவாரியாகத் தொடர்ந்து சாய்ந்திருப்பதை அது கண்டது. நேர்காணலுக்கான 30 மதிப்பெண்ணை 15ஆகக் குறைக்கச் சொன்னது. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருபவர்களுக்குக் கூடுதல் புள்ளிகள் தரும் ஏற்பாடும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1983இல் கைவிடப்பட்டு 90களில் மாணவர் போராட்டத்தால் திரும்ப வந்தது. எங்கள் பார்வையில் கோளாறு உண்டு, அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது அபூர்வம். 2019இல் அங்கேயும் கட்டுரைகள் போய்க் கணினித் திரை வந்தது.

இனி அந்த ஜாமீன்தாரர் வீட்டுப் பிள்ளை வந்தால் என்ன நடக்கும்? யாரும் 8 போட மாட்டார்கள். ஓரத்தில் யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். கான்ட்டின் நூல் எந்த ஆண்டு வெளிவந்தது என்று திரை கேட்கலாம். 1785 என்று குறித்தால் 4. நான் இழைத்தது அநீதி. ஆனால் இழைத்தவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குப் பின்னாளில் தூக்கம் கெடலாம். புதிய ஏற்பாட்டில் அநீதிகூட நிகழ்வதில்லை. அவர் சொல்ல வந்தது சொல்லப்படவே இல்லை. விடைக்குறிப்பு தவறு என்று தோன்றினால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி முறையிடலாம். இந்தக் கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது என்று முறையிட எவ்வளவு கட்ட வேண்டும் என்று தகவல் குறிப்பில் இல்லை.

தமிழ்நாட்டில் நமக்கு இது குறித்து ஒரு தயாரான நிலைப்பாடு உண்டு. தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தோம். 2022 ஏப்ரலில் இந்தப் பொது நுழைவுத் தேர்வுக்கு எதிராகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. பள்ளிப் படிப்பை இது அர்த்தமற்றதாக்கும், பயிற்சி நிலையங்களை வளர்க்கும் என்பது வாதம். சரியான வாதம்தான். ஆனால் நாம் காப்பாற்ற விரும்பியது பிளஸ் டூ மதிப்பெண்ணை. அது எப்படி வருகிறது என்பது கோனார் நோட்ஸ் படித்த நமக்குத் தெரியாததல்ல. தில்லிப் பல்கலைக்கழகம் பள்ளி மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்த்த கடைசி ஆண்டான 2021இல், ஹிந்து கல்லூரியில் அரசியல் அறிவியலுக்கு முதல் பட்டியலின் கட்-ஆஃப் 100 சதவீதம். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள் இருந்த இடங்களைவிடப் பல மடங்கு வந்து நின்றார்கள். எந்த எண்ணை நம்புவது என்பதில்தான் இரு தரப்புக்கும் சண்டை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிக்க வேண்டும் என்று இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எப்படி வாசிப்பது என்று கேட்பார்கள். 2025இல் இளங்கலைத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல். நியாயமான கேள்வி, ஆனால் முடிவான கேள்வியல்ல. பிரான்சில் ஒவ்வொரு ஜூனிலும் பள்ளியிறுதி மாணவர்கள் லட்சக்கணக்கில் உட்கார்ந்து நான்கு மணி நேரம் தத்துவக் கட்டுரை எழுதுகிறார்கள். ஆசிரியர்கள் அதை வாசித்துத் திருத்துகிறார்கள். அந்தப் பட்டம்தான் பல்கலைக்கழகத்தின் வாசல். முடியாது என்பதைவிட, செலவு செய்ய மனமில்லை என்பது உண்மைக்குச் சற்றுப் பக்கம்.

ஆனால் அதே பிரான்சில் 1930களில் லோஜியே, வைன்பெர்க் என்ற இருவர் ஒரு காரியம் செய்தார்கள். ஒரே தாளைப் பலரிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். மதிப்பெண்கள் தாறுமாறாகச் சிதறின. சிதறலைக் கணக்கிட்டு, ஒரு தாளின் 'உண்மையான' மதிப்பெண் கிடைக்க எத்தனை பேர் திருத்த வேண்டும் என்று பார்த்தார்கள். கணிதத்துக்கு 13 பேர், தத்துவத்துக்கு 127. முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. தாளுக்குள் ஒரு உண்மையான எண் புதைந்து கிடக்கிறது, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தோண்டுகிறோம் என்ற அனுமானம் எனக்கு ஒப்பவில்லை. என் 8ம் வேறொருவர் போட்டிருக்கக்கூடிய 20ம் ஒரே பொருளின் இரண்டு தப்பான அளவுகள் அல்ல, இரண்டு வாசிப்புகள். ஒரு கவிதையை நாம் இருவர் இரண்டு விதமாக வாசித்தால் அது நல்லது என்கிறோம். ஆனால் கவிதைக்கு ஹாஸ்டலில் இடம் வேண்டியதில்லை. வாசலில் நிற்பவருக்கு என் வாசிப்பின் செழுமையால் என்ன பிரயோஜனம்?

சீனர்கள் இந்தச் சங்கடத்தை ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். சோங் காலத்தில் தேர்வெழுதியவரின் பெயரை மூடி ஒட்டியதோடு நில்லாமல், கையெழுத்து அடையாளம் தெரியக்கூடாதென்று எழுத்தர்களை வைத்துத் தாளைப் புதிதாகப் படியெடுக்கச் செய்து, அந்தப் படியைத்தான் திருத்துபவருக்குக் கொடுத்தார்கள். நியாயத்துக்காக மனிதர்கள் எடுத்த பிரயத்தனங்களில் இது சாதாரணமானதல்ல. ஆனால் எழுதியவரைத்தான் மறைக்க முடிந்தது. திருத்துபவரின் மனம் அங்கேயே இருந்தது. அதையும் கட்டுப்படுத்தக் கட்டுரையின் வடிவத்தையே எட்டுக் கால்களாக இறுக்கினார்கள். அந்தத் தேர்வுகளில் திரும்பத் திரும்பத் தோற்ற பூ ஸோங்லிங் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு கதையில், எரித்த கட்டுரையின் சாம்பலை முகர்ந்தே அதன் தரம் சொல்லும் குருட்டுத் துறவி வருகிறார். அவரை இருமவைத்த கட்டுரைதான் தேர்வில் ஜெயிக்கிறது. 1905இல் அந்தத் தேர்வுமுறையே முடிந்தது.

நம்மிடம் இதற்கு நேர் எதிரான ஒரு கதை இருக்கிறது. இறையனார் களவியலுக்குப் பலரும் உரை கண்டு, எது மெய்யுரை என்று சண்டை வந்தபோது, தீர்ப்புச் சொல்லும் காரணிகனாக ஐந்து வயது ஊமைச் சிறுவன் உருத்திரசன்மனை உட்கார்த்தினார்கள். ஒவ்வொருவராக உரை சொல்லிக்கொண்டு வந்தார்கள். பையன் சும்மா இருந்தான். மதுரை மருதனிளநாகனார் சொன்னபோது சில இடங்களில் கண் கலங்கி உடல் சிலிர்த்தான். நக்கீரர் சொன்னபோது சொல்லுக்குச் சொல் அப்படி ஆனான். அதுதான் தீர்ப்பு.

இந்தக் கதையைத் தெய்வீகம் என்று சிலாகிப்பவர்களும் புராணப் புளுகு என்று தள்ளுபவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அங்கே மறைக்கப்பட்டவர் யாருமில்லை. உரை சொன்னவர்கள் எதிரே நிற்கிறார்கள். காரணிகனை எல்லோருக்கும் தெரிய உயரத்தில் வைத்திருக்கிறார்கள். அவன் முகத்தில் என்ன நடக்கிறது, எந்தச் சொல்லில் நடக்கிறது என்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு வராதவனால் காரணம் கற்பித்துத் தப்ப முடியாது. 'அனுபவக் கதை' என்று ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போக முடியாது.

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த என்னை யாரும் பார்க்கவில்லை. அந்தத் தாளின் கடைசி வரியில் நான் ஒரு கணம் நின்றேன். இது எனக்கு நிச்சயமாக நினைவிருக்கிறது. ஏதோ ஒன்று தொட்டது. தொட்டதாலேயே எச்சரிக்கையானேன், இரக்கத்துக்கு மதிப்பெண் போடக்கூடாது என்ற உத்தியோக ஞானம் குறுக்கே வந்தது. ஒருவேளை எதிரே இன்னொருவர் உட்கார்ந்து, ஏன் நின்றாய், எந்த வரியில் நின்றாய் என்று கேட்டிருந்தால், அதை இரக்கம் என்று சொல்லித் தப்பியிருக்க மாட்டேன். அது வாதம் என்று அன்றைக்கே தெரிந்திருக்கலாம். அப்படிக் கேட்க ஆள் வைப்பதற்குப் பணம் வேண்டும், ஆசிரியர்கள் வேண்டும், தாளுக்கு இரண்டு பேரும் அவர்களுக்குள் சண்டை போட நேரமும் வேண்டும். இவை கிடையாது என்று முடிவானபின், கிடையாததையே நடுநிலைமை என்று பெயர் மாற்றி நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் அதை நிம்மதியோடு வாங்கிக்கொண்டோம்.

நம் பத்திரிகைகளுக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளை நாம் எப்படித் திருப்பி அனுப்புகிறோம் என்பதும் ஞாபகத்துக்கு வருகிறது. 'அனுபவம் இருக்கிறது, கலையாகவில்லை.' இந்த வாக்கியத்தை நான் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்? அதையும் யாரும் எதிரே உட்கார்ந்து பார்த்ததில்லை.

அந்தத் தேர்வில் விடைத்தாளைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. எனவே ஓரத்தில் நான் எழுதியதை அவர் பார்த்திருக்க மாட்டார். இரண்டு மூன்று வருஷம் கட்டிவைத்துவிட்டு, பிறகு தாள்களை எடைக்குப் போடுவார்கள். அவருக்கு இடம் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அந்த எண் மறந்துவிட்டிருந்தது.