வரைபடத்தில் விடுபட்ட ஊர்

வெளிநாட்டுப் பயணம் விமானம் ஏறும் நாளில் தொடங்குவதன்று; வரைபடத்தை விரித்துப் பென்சிலைக் கையில் எடுத்த மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. நண்பர்கள் மூவருடன் ஸ்பெயினின் தென்பகுதியைக் காரிலே சுற்றி வரத் திட்டமிட்டபோது இதை உணர்ந்தோம். எங்கே தங்குவது, எதைக் கடந்து போவது என்று கோடிழுக்கும்போதே, எந்த வரலாறு நமக்கு வேண்டும், எது வேண்டாம் என்பதையும் தீர்மானித்து விடுகிறோம்.

முதலில் போட்ட திட்டம் எளிது. அரபு நூல்கள் இஷ்பீலியா, குர்துபா, கர்னாத்தா என்றழைக்கும் செவில், கொர்டோவா, கிரனாடா ஆகிய மூன்று நகரங்கள். செவிலில், இன்று தேவாலய மணிக்கூண்டாக நிற்கும் கிரால்டா, 1198-இல் நிறைவுற்ற பள்ளிவாசல் மினாரா. கொர்டோவாவில், முதலாம் அப்துர் ரஹ்மான் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய மாபெரும் பள்ளிவாசல். 1236-இல் அது தேவாலயமாயிற்று. கிரனாடாவில், 1492 ஜனவரி 2-ஆம் நாள் கைமாறிய அல்ஹம்ரா. அதன் நஸ்ரீ அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம் சீட்டிலேயே குறிக்கப்படுவதால், முன்கூட்டிப் பதிவு செய்தாக வேண்டும். உண்மையைச் சொன்னால், பெருமூச்சு விடுவதற்கும் நேரம் குறித்துத்தான் நாம் திட்டம் தீட்டிக்கொண்டிருந்தோம்.

அத்திட்டத்தைக் கலைத்தவர் இப்னு ருஷ்து. 1126-இல் கொர்டோவாவில் பிறந்த அந்தப் பேரறிஞர், செவிலிலும் கொர்டோவாவிலும் காழியாக இருந்தவர். அரிஸ்டாட்டிலுக்கு அவர் எழுதிய விளக்கங்கள் வழியாகவும் ஐரோப்பா அந்தக் கிரேக்க ஞானியை மீண்டும் கற்றது. அவரை 1195-இல் நாடு கடத்தியவர் கிறிஸ்தவ மன்னர் அல்லர். முவஹ்ஹிது கலீபா அல்மன்சூர். அவருடைய தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. அவர் அனுப்பப்பட்ட இடம் கொர்டோவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லூசேனா. யூதர்களின் கல்விக்குப் பெயர் பெற்றிருந்த ஊர் அது. 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே முவஹ்ஹிதுகளின் ஆட்சி வந்தபோது அந்தச் சமூகம் சிதறியது. கொர்டோவாவில் பிறந்த மூஸா இப்னு மைமூனின் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியதும் அக்காலத்தில்தான்.

"அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்றார் நண்பர். கிரனாடா செல்லும் நேர்சாலையில் அவ்வூர் வராது. மலாகா சாலையில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். கேள்வி நியாயமானதே.

ஆனால், கிரனாடாவின் பிப்ரம்பலா சதுக்கத்தில் நிற்பதற்கு ஒரு மாலையை ஒதுக்கி வைத்திருந்தோம். 1492-ஐ அடுத்த சில ஆண்டுகளில் சிஸ்னெரோஸ் பாதிரியாரின் ஆணைப்படி அரபு நூல்கள் எரிக்கப்பட்ட இடம் அது. அங்கே கலங்கும் மனம், எரித்தவர் யாரென்று விசாரித்த பிறகுதான் கலங்குமானால், அது நூல்களுக்காகக் கலங்கவில்லை. இரண்டும் ஒரே எடையுள்ளவை என்று நாம் வாதாடவில்லை. 1609-இல் தொடங்கி ஒரு மக்கட்கூட்டத்தையே நாட்டைவிட்டு விரட்டியதும், ஓர் அறிஞரைச் சில காலம் ஒதுக்கி வைத்ததும் ஒன்றாகா. அதற்காக, சிறியதைக் காணாமல் வண்டியை ஓட்டிச் செல்ல நமக்கு உரிமையுண்டா?

கேட்கத் தொடங்கினால் கேள்விகள் நிற்பதில்லை. கொர்டோவாவுக்கு அருகே மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ரா, நூறாண்டுகூட நிலைக்காமல், முஸ்லிம்களுக்குள் மூண்ட உள்நாட்டுப் போரில் பாழாயிற்று. 1523-இல் கொர்டோவாப் பள்ளிவாசலின் நடுவே பெரிய தேவாலயம் கட்ட முற்பட்டபோது, அந்நகர மன்றமே கடுமையாக எதிர்த்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அனுமதியால்தான் வேலை நடந்தது. அந்த எதிர்ப்பாளர்கள் கிறிஸ்தவர்கள். அவர்களை நினைக்க நம் பழைய திட்டத்தில் ஒரு நிமிடமும் இல்லை.

நண்பர் நெடுநேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, செவிலில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாமே என்று அவரே சொன்னார். லூசேனாவில் ஓர் இரவு தங்குவதென்று முடிவாயிற்று. அவ்வூரில் என்ன பார்ப்பது என்பதற்கான கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.