வாணிகமா, சூதா? மட்டாஞ்சேரி மிளகு முன்பேரத்தை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

கையில் இல்லாத பொருளை விற்பதும், பெற்றுக்கொள்ளும் எண்ணமின்றி ஒரு பொருளை வாங்குவதும் அறமாகுமா என்னும் வினா முன்பேர வணிகம் குறித்த விவாதங்களில் இடையறாது எழுந்து வருகிறது. இவ்வினாவை மிளகு என்னும் ஒரு பொருளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். போர்ட் கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் இயங்கிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகர் சங்கம் 1957 முதல் மிளகு முன்பேரத்தை நடத்தி வந்தது. கூவி விலைபேசிய அக்கூடத்தின் வணிகம் பின்னர்க் கணினித் திரைக்கு மாறியது. 2004-இல் மும்பையின் என்.சி.டி.இ.எக்ஸ். சந்தையும் மிளகு முன்பேரத்தில் இறங்கியது.

யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன்னுடன் வந்து கறியுடன் மீண்டதை அகநானூற்றின் 149-ஆம் பாடல் கூறுகிறது. பொன்னும் மிளகும் நேருக்கு நேர் கைமாறும் அக்காட்சியில் கடன் கண்ணுக்குத் தெரிவதில்லை. வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணமோ முசிறி வணிகத்திற்கான கடன் உடன்படிக்கையைக் காட்டுகிறது. சரக்கே அக்கடனுக்கு ஈடு. அலெக்சாந்திரியக் கிடங்கில் அது கடன் கொடுத்தவரின் முத்திரையின்கீழ் வைக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. எனவே, பழங்கால வணிகம் பண்டமாற்று மட்டுமே, பணச்சந்தையின் சிக்கல் நவீனகாலத்தது என்னும் கருத்து ஏற்புடையதன்று.

முன்பேரத்தின் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூன்று மாதத்தில் மிளகு அனுப்புவதாக வெளிநாட்டாரிடம் விலைபேசி ஒப்புக்கொண்ட ஏற்றுமதியாளர், கிலோ ரூ.400 என்ற விலைக்கு முன்பேரத்தில் வாங்கி வைக்கிறார். விலை ரூ.450 ஆனால், சரக்கை வாங்க அவர் கூடுதலாகத் தரும் 50 ரூபாய் முன்பேர ஆதாயத்தால் ஈடாகிறது. விலை சரிந்தால் அந்த ஆதாயம் இல்லை. ஆயினும் அவர் நிம்மதியாக உறங்கியிருப்பார். எதிர்ப்புறத்தில் விற்றவர் கொடி வைத்த உழவராகவும் இருக்கலாம். மிளகையே காணாத ஊக வணிகராகவும் இருக்கலாம். ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதே ஆகும்.

இதனால் இதனைச் சூதென்பர் சிலர். சூதில் பெறும் வெற்றியையும் மீன் விழுங்கிய தூண்டிலாகவே வள்ளுவர் காண்கிறார். எனினும் சூதாட்டம், இல்லாத இடரை ஆட்டத்திற்கென உண்டாக்குகிறது; மழையும் விளைச்சலும் தரும் இடரோ முன்னரே உண்டு, முன்பேரம் அதனைத் தாங்க இசைபவர் தோளுக்கு மாற்றுகிறது. இவ்வாதம் வலியதே. ஆனால் ஒரே ஒப்பந்தம் ஒருவருக்குக் காப்பாகவும் மற்றவருக்குச் சூதாகவும் அமைகிறது; உள்ளக் கருத்தை எந்தச் சந்தையும் அறிய இயலாது. ஆகவே அறத்தை எண்ணத்தில் தேடுவதைவிட, ஒப்பந்தத் தாளுக்கும் பண்டத்திற்கும் உள்ள உறவில் தேடுவதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

அவ்வுறவு 2012 டிசம்பரில் அறுந்தது. கனிம எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த புகாரின்பேரில், கொச்சியில் என்.சி.டி.இ.எக்ஸ். ஏற்பு பெற்ற கிடங்குகளிலிருந்த பல ஆயிரம் டன் மிளகை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முத்திரையிட்டு முடக்கினர். மிளகைப் பளபளப்பாக்கவும் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கவும் இவ்வெண்ணெய் பூசப்படுவதுண்டு. அச்சந்தையில் மிளகு முன்பேரம் 2013-இல் நின்றுபோயிற்று.

இங்கு ஊகமோ பேராசையோ முதற்குற்றம் அன்று. கிடங்குச் சீட்டு என்பது சரக்கின் தரத்திற்கும் எடைக்கும் மூன்றாமவர் தரும் உறுதிமொழி. அதனை நம்பியே வங்கி கடன் தருகிறது; அதனை நம்பியே முகமறியாதவர் வாங்குகிறார். சீட்டு கைமாறக் கைமாற அது பணத்தின் தன்மையை அடைகிறது. எவரும் மூட்டையைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பார்க்க வேண்டாம் என்பதே அதன் பயன். தீங்கும் அதனுள்ளேயே இருக்கிறது. பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று குறளின் நடுவுநிலைமை அதிகாரம் கூறுவது எதிரே நிற்கும் ஒருவரை முன்னிட்டது. பல கை மாறிய சீட்டில் அந்த ஒருவர் யார்? எண்ணெய் பூசியவர், சோதித்துச் சான்றளித்தவர், கிடங்குக்கு ஏற்பளித்த சந்தை, ஐயமிருந்தும் விற்றுக் கழன்றவர் ஆகியோருள் சட்டம் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். என் கருத்தில் பெரும்பங்கு சான்றளித்தவரையும் ஏற்பளித்தவரையுமே சாரும். ஏனெனில் மற்றவர் அனைவரும் பார்க்காமலிருக்க உரிமை தந்தது அவர்தம் கையொப்பமே.