பாவக் கணக்கு தொடங்கும் வயது

பள்ளிக்குப் போகும் பிள்ளை செய்யும் தவறு எந்த வயதிலிருந்து அதன் சொந்தக் கணக்கில் ஏறுகிறது என்பது சமயங்கள் எல்லாம் தொட்டுப் பேசிய கேள்வி. பாபநாசத்தில் மலையிறங்கிப் புன்னக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் கரையில் சைவம், வைணவம், இஸ்லாம், கத்தோலிக்கம், சீர்திருத்தக் கிறிஸ்தவம் ஆகியவை அடுத்தடுத்த ஊர்களில், பல இடங்களில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றன. அதனால் இந்தக் கேள்விக்கான விடைகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் வரும் ஆணிமாண்டவ்யர் கதை கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறது. மௌன விரதத்தில் இருந்த முனிவரின் ஆசிரமத்தில் திருடர்கள் களவுப் பொருளோடு பதுங்கினார்கள். தேடி வந்த காவலர்கள் முனிவரையும் சேர்த்துப் பிடித்தார்கள், அரசன் கழுவேற்றினான். ஆனால் அவர் உயிர் போகவில்லை. பிற்பாடு அவர் அறக்கடவுளிடமே போய், இத்தனை பெரிய தண்டனைக்குத் தாம் என்ன குற்றம் செய்தோம் என்று கேட்டார். சிறு வயதில் பூச்சிகளின் வாலில் புல்லைச் செருகி விளையாடியதற்கு என்று விடை வந்தது. முனிவர் அதை ஏற்கவில்லை. சிறு பிழைக்குப் பெருந்தண்டனை கொடுத்த அறக்கடவுளை மனிதராகப் பிறக்கும்படி சபித்தார். விதுரர் பிறந்தது அப்படித்தான். அதோடு 14 வயது வரை செய்வது பாவமாகாது என்று ஒரு வரம்பையும் விதித்தார்.

வினைக்கொள்கை யாருடைய ஆணைக்கும் காத்திராமல் தானே இயங்குவது என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இந்தக் கதையிலோ அதற்குள் ஒரு வயது வரம்பை ஒரு மனிதர் வாதாடிச் சேர்க்கிறார். கதை முடியும்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நீதிபதி. வயது வரம்பு என்பது இயற்கையில் கண்டெடுக்கப்பட்டதல்ல, நியாயத்துக்காகப் பெரியவர்கள் போட்டுக்கொண்ட கோடு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பழங்கதை அரிது.

இஸ்லாமிய மரபு ஒரே கோட்டோடு நிற்காமல் படிகளாக அமைத்திருக்கிறது. பிள்ளைகளை 7 வயதில் தொழச் சொல்ல வேண்டும். 10 வயதில் தொழாவிட்டால் கண்டிக்க வேண்டும் என்கிறது ஒரு நபிமொழி. பருவமடையும்வரை சிறுவர்மீது பதிவு எழுதப்படுவதில்லை என்கிறது இன்னொன்று. காயல்பட்டினத்தில் பெருவழக்காக உள்ள ஷாஃபி மத்ஹப் என்ற சட்டமரபில், உடல் அடையாளங்கள் தோன்றாவிட்டாலும் 15 பிறையாண்டு நிறைந்ததும் பொறுப்பு வந்துவிடும். ஆக, 7 வயதுக்கும் பருவமடைதலுக்கும் இடையில் கடமையைப் பழகுகிற, ஆனால் பாவம் எழுதப்படாத ஓர் இடைக்காலம் இருக்கிறது. மனவளர்ச்சியைப் பற்றிப் பின்னாளில் தெரியவந்தவற்றோடு மிகவும் இசைவது இந்த ஏற்பாடுதான்.

கத்தோலிக்கர்களிடம் கணக்கு முன்னதாகவே தொடங்குகிறது. பத்தாம் பத்திநாதர் என்று தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லும் போப் பத்தாம் பயஸ் 1910இல் வெளியிட்ட ஆணை, புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்குவதற்கான பகுத்தறிவு வயது ஏறத்தாழ 7 என்று வகுத்தது. அதற்கு முன்பு பல நாடுகளில் 10, 12 வயதுவரை, சில இடங்களில் அதற்கு மேலும் பிள்ளைகள் காத்திருந்தார்கள். புதுநன்மைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் உண்டு. பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில், கத்தோலிக்கப் பிள்ளை தான் சொன்ன பொய்யைப் பாதிரியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டியிருக்கும். மேலப்பாளையத்திலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளையின் அதே பொய் இன்னும் எழுதப்படவே இல்லை. தென்னிந்தியத் திருச்சபையார் குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்தாலும், பிள்ளை தானாக விசுவாசத்தை அறிக்கையிடும் திடப்படுத்துதலைப் பதின்வயதுக்கு ஒத்திவைக்கிறார்கள். அந்தணப் பிள்ளைக்குப் பூணூல் போட நூல்கள் சொல்வது எட்டாம் வயது.

ஊர் வழக்கம் இவை எதையும் பார்ப்பதில்லை. பெண்பிள்ளை சமைந்தால் சடங்கு. அன்றிலிருந்து அவள் பெரிய மனுஷி, அவளுடைய நடை, உடை, பேச்சு எல்லாவற்றுக்கும் அவளே பொறுப்பு. அதே வயதுப் பையனுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. மீசை அரும்புகிறவன் என்ன செய்தாலும் சின்னப்பயல் என்று தள்ளிவிடும் வீடுகள் ஏராளம். பையனின் வளர்ச்சிக்குச் சமூகம் ஒரு வாசலும் வைக்காமல் விட்டதன் விலை கடைசியில் பள்ளிக்கூட வாசலில் தெரிகிறது.

உளவியலும் 1932இல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. ஜெனீவாவின் ஜான் பியாஜே பிள்ளைகளிடம் இரண்டு சிறுவர்களின் கதையைச் சொன்னார். ஒருவன், பின்னால் கோப்பைகள் இருந்தது தெரியாமல் கதவைத் திறந்தபோது, 15 கோப்பைகள் உடைந்தன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் திருட ஏறியபோது ஒரு கோப்பை உடைந்தது. யார் செய்த தப்பு பெரிது? சிறு பிள்ளைகளில் பலர் 15 உடைத்தவன்தான் என்றார்கள். 9, 10 வயதை நெருங்கும்போது பதில் மாறியது. உடைந்த எண்ணிக்கையை விட்டு, நோக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பியாஜேயின் வரிசைப்படி 7 முதல் 11 வயதுவரை பிள்ளை கண்முன் உள்ள பொருள்களைக் கொண்டு தர்க்கம் செய்யும்; 11, 12 வயதுக்குப் பிறகே இல்லாத ஒன்றை வைத்து யோசிக்கும் திறன் வரும். அவர் சொன்ன வயதுகள் நாட்டுக்கு நாடு, பள்ளிப்படிப்புக்குத் தக்கபடி முன்பின்னாகும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. நோக்கம் பிறகுதான் புலப்படும் என்ற வரிசையை அவை பெரிதும் மாற்றவில்லை.

அமெரிக்க இறையியலர் ஜேம்ஸ் ஃபௌலர் 1981இல் இதே படிவரிசையைச் சமய நம்பிக்கைக்கும் நீட்டினார். பள்ளி வயதுப் பிள்ளை கதைகளை எழுத்துக்கு எழுத்து உண்மையாக எடுத்துக்கொள்ளும். நல்லது செய்தால் சாமி நல்லது செய்யும், கெட்டது செய்தால் கண்ணைக் குத்தும். பதின்வயதில் நம்பிக்கை தன்னைச் சுற்றியுள்ள கூட்டத்தின் நம்பிக்கையாகிறது. அதை எடுத்துவைத்து ஆராய்வது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஃபௌலர் பேட்டி கண்டவர்கள் பெரும்பாலும் வட அமெரிக்கக் கிறிஸ்தவர்களும் யூதர்களும் என்பது அவருடைய வரிசையின் பலவீனம். ஆனாலும் இந்த முதல் இரண்டு படிகளுக்கு, தாமிரபரணி கடல் சேரும் முத்துக்குளித்துறையிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1540களில் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார் மணியடித்துக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்தது முதலில் பிள்ளைகளுக்கு. அவர்களை நோயாளிகளின் வீடுகளுக்குச் செபம் சொல்ல அனுப்பினார். அவர்கள் பெற்றோரையே திருத்தினார்கள், பழைய சாமிச் சிலைகளை உடைத்தார்கள் என்று 1544இல் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார். அந்த வேகத்தைப் பக்தி என்று அவர் படித்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு விதி என்றால் விதிதான், விலக்குகள் புரியாது என்றும் அதைப் படிக்கலாம். அந்த உறுதியைப் பெரியவர்கள் கையிலெடுத்துக்கொள்வது எளிது. சமயமும் சாதியும் கட்சியும் அதைத் தெரிந்தே வைத்திருக்கின்றன.

படிவரிசைக்கு அடங்காத பிள்ளைகளையும் இந்த ஆற்றங்கரை கொண்டாடியிருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் 17ஆம் நூற்றாண்டில் பிறந்த குமரகுருபரர் 5 வயதுவரை பேசவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப்போனபின் வாய் திறந்து பாடியதே கந்தர் கலிவெண்பா என்றும் சைவ மரபு சொல்கிறது. சற்றுக் கீழே ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் பிறந்தது முதல் பேசாமல், 16 வயதுவரை புளியமரத்தடியில் இருந்தார் என்பது வைணவ மரபு. பேசாத பிள்ளையைப் பேசவைத்தது திருக்கோளூர் மதுரகவி கேட்ட ஒரு தத்துவக் கேள்வி. கேட்டவர் வயதில் மிக மூத்த அந்தணர், விடை சொன்னவர் வேளாளர் குலத்துப் பையன். மூத்தவர் அந்த இடத்திலேயே சீடராகிறார். வயதும் சாதியும் ஒரே நேரத்தில் தலைகீழாகும் இந்தக் காட்சி மரபின் நடுவில் இருந்தும், கோயிலுக்கு வெளியே அது எட்டியதில்லை. இந்தக் கதைகளை வளர்ச்சி அட்டவணையாக வாசிக்கக் கூடாது என்பதும் சொல்லத்தக்கது: 2 வயதாகியும் பேசாத குழந்தையின் காதைப் பரிசோதிப்பதுதான் முறை. பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கான பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது.

கேள்வி மிகக் கூர்மையாவது பதின்வயதின் பிற்பகுதியில். நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும் நேரத்தில் 16 வயதினரின் தர்க்கம் பெரியவர்களுடையதிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது தடுமாறுகிறது. அமெரிக்காவில் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டில் தனியாக இருந்தபோது எடுத்ததைவிட நண்பர்கள் அருகில் இருந்தபோது பதின்வயதினர் மிக அதிக ஆபத்தை எடுத்தார்கள்; 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. மூளையில் உந்துதலை அடக்கும் முன்பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருப்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் மூளையை மட்டும் காட்டி விட்டுவிட்டால், கூட்டாளிகள் எதற்காகக் கூட்டாளிகளானார்கள் என்பது மறைந்துபோகும்.

2023 ஆகஸ்ட் மாதம் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் நடந்தது அதைத்தான் காட்டியது. சாதியின் பெயரால் தொல்லை கொடுத்ததைப் பற்றிப் புகார் சொன்ன பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவரை, இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அதே பள்ளியைச் சேர்ந்த பையன்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பிடிபட்டவர்கள் சிறார்கள். தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குவது, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பது ஆகியவை அதன் பரிந்துரைகளில் உண்டு. கையில் கயிறு ஏறுவதும் சாதித் தலைவர் படம் போட்ட சட்டை வருவதும் பையன் தானாக யோசித்துக் கண்டுபிடித்தவையல்ல. மாமாவும் சித்தப்பாவும் சாதித் தலைவரின் குருபூஜைக்குக் கூட்டிப்போனவர்களும் கொடுத்தவை.

சட்டம் போட்டிருக்கும் கோடுகள் சமயங்களின் கோடுகளுக்கு வியப்பூட்டும் அளவு பக்கத்தில் இருக்கின்றன. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 7 வயதுக்குக் கீழ் எதுவும் குற்றமல்ல என்றது. 7க்கும் 12க்கும் இடையில், செயலின் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லையென்றால் குற்றமல்ல என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா அதே வரம்புகளைத் தக்கவைத்தது. 2012 டெல்லிப் பாலியல் வன்கொலைக்குப் பிறகு எழுந்த கோபத்தின் விளைவாக வந்த 2015 சிறார் நீதிச் சட்டமோ 16 முதல் 18 வயதினருக்கு ஒரு கதவைத் திறந்தது: மிகக் கொடிய குற்றமென்றால், சிறார் நீதிக் குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்து, பெரியவராக விசாரிக்க அனுப்பலாம். மதிப்பீட்டில் பார்க்க வேண்டியவை, குற்றம் செய்வதற்கான உடல், மனத் திறன்; விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல்; குற்றம் நடந்த சூழ்நிலை. இது நுட்பமான வேலை, உளவியலாளர் உதவி தேவை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது.

முதல் இரண்டையும் ஓர் உளவியலாளர் சோதித்துச் சொல்லிவிடலாம். அரிவாளால் வெட்டினால் என்னவாகும் என்பது எந்த 17 வயதுப் பையனுக்கும் தெரியும். அதனால் அவன் குற்றமற்றவன் ஆகிவிடமாட்டான். வெட்டுப்பட்டவருக்கும் அதே வயதுதான். மூன்றாவதான சூழ்நிலைதான் அவனுக்கு இந்த வெறியைக் கொடுத்தது யார் என்ற கேள்விக்கு இடம் வைத்திருக்கிறது. கூர்நோக்கு இல்லத்தில் பையனுக்குச் செலவிடும் அதே அக்கறையோடு அந்தக் கேள்வியின் பதிலையும் எழுத்தில் பதிவு செய்யாத எந்த மதிப்பீடும் பாதி மதிப்பீடுதான்.